அருணகிரிக்கு ஏற்ற எதுகை

அருணகிரி என்ற பேருக்கு எதுகை கிடைக்காமல் வரதனுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

அருணகிரி, கும்மிடிப்பூண்டி இரும்பு வார்ப்பாலையின் மேனேஜர். நாற்பது பேர் உலையடியில் வேகிற இடத்தில் குடிக்க ஒரே ஒரு பானை. கத்திரி வெயிலில் அது ஒன்பது மணிக்கே காலி. போன வாரம் உலையடியில் நின்ற துலுக்காணம் மயங்கி விழுந்தபோது முகத்தில் தெளிக்கக்கூடத் தண்ணீர் இல்லை.

நாளைக்கு மெட்ராஸிலிருந்து முதலாளி வருகிறார். தண்ணீர்க் குழாய் கேட்டு ஆலை வாசலில் கோஷம் போட வேண்டும். எழுதுகிற பொறுப்பு வரதன் தலையில். ஒன்பதாவது வரை படித்தவன் அவன் ஒருவன்தானே.

ஒற்றைச் சொல் கிடைக்காவிட்டால் என்ன, இரண்டைச் சேர்த்துக் கட்டினால் போச்சு என்று, "அருணகிரி, கருணை சொரி" என்று எழுதினான். சங்கத் தலைவர் முனிகிருஷ்ணன் உரக்கப் படித்தார். கேட்டவர்களில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"இன்னாபா வரதா, தண்ணி கேக்கச் சொன்னா தேர் இழுக்கிறே. கொஞ்சம் காரமா போடு."

"அருணகிரி, மரணக் குழி" என்று போட்டான். ரியும் ழியும் பங்காளிகள்தானே, ஒட்டிக்கொள்ளும் என்பது அவன் எண்ணம்.

"யோவ், போலீஸ் ஜீப்புல ஏத்திக்கினு பூடுவாங்க. அங்கயும் தண்ணி தரமாட்டான்."

வெயில் காலத்தைச் சொல்லலாமென்று, "அருணகிரி, பருவம் சரி" என்று மாற்றினான்.

"இன்னாபா, அவருக்குப் பொண்ணு பாக்கப் போறமா?"

அத்தனை பேரும் சிரித்தார்கள். வரதனுக்கு அழுகையே வந்துவிட்டது. நாளைக்கு வாய் திறக்காமல் நின்றால் குழாயும் இல்லை, மானமும் இல்லை.

வாட்ச்மேன் அப்பாவு பீடியை அணைத்துவிட்டு வந்தார். கைநாட்டு வைக்கிற மனுஷன்.

"இப்டி சொல்லிப் பாரு நைனா. அருணகிரி, தருணம் சரி. தண்ணி கொடு, தாகம் அறி."

வரதன் வாயைப் பிளந்தான். முனிகிருஷ்ணன் அப்பாவுக்கு டீ சொன்னார்.

மறுநாள் கோஷம் ஊரையே தூக்கியது. காரை விட்டு இறங்குமுன்பே முதலாளி காதைப் பொத்திக்கொண்டார். பத்தே நிமிஷத்தில் குழாய்க்கு உத்தரவாயிற்று.

வரதன் அப்பாவுவின் கையைப் பிடித்துக்கொண்டான். "உனுக்கு எப்டி அண்ணாத்தே இது வந்துச்சி?"

"எனுக்கு இன்னா தெரியும்? 'குழாய் கேட்டு மூணு லெட்டர் போட்டேன், ஆளுங்க யாரும் கேக்கலியேன்னுட்டாரு முதலாளி. அந்த வரதன் எழுதி முடிக்கிறதுக்குள்ள கோடையே பூடும்'னு, நம்ம அருணகிரி ஐயாதான் ராவெல்லாம் ஒக்காந்து கட்டி, எனுக்கு மனப்பாடம் பண்ணி வெச்சாரு."