சாக்பீஸ் அண்ணனும் என் நீளத் தொடையும்

பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை, ஒரு மனிதனின் முகத்தைப் பார்க்கும் முன்னே தொடையைப் பார்த்த ஒரே ஆள் எங்கள் சாக்பீஸ் அண்ணன்தான். வக்கீல் குமாஸ்தா. கோர்ட்டு விட்டதும் பஸ் பிடித்து நேரே எங்கள் ஜிம்முக்கு வந்துவிடுவார். அங்கே ஒரு நாளும் இரும்பைத் தொட்டதில்லை.

அவர் வேலையே வேறு. புதிதாகச் சேருகிறவனைப் பிடித்து, கயிற்றால் தொடையையும் முதுகையும் அளப்பார். பாரத்தைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும்ப அவன் எப்படிக் கால் வைக்க வேண்டுமென்று தரையில் சாக்பீஸால் பாதம் வரைந்து, அதற்குள் பெயரும் எழுதிவிடுவார். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஜிம்மில் கால் வைக்க இடமில்லை. அடுத்தவன் பாதத்தை மிதித்தால் அவருக்குக் கோபம் வேறு வரும்.

வீடு கட்டியபோதும் சும்மா இருந்தாரா? கக்கூசில் கொத்தனார் பதித்த, கால் வைக்கும் கற்களை உடைத்தெடுத்து, தன் தொடை அளவுக்கு அகலமாகப் பதிக்க வைத்தார். விருந்துக்கு வந்த மாமனார் உள்ளே போய், எழும்ப வழியில்லாமல் கூப்பாடு போட்டார். வெளியே நின்றுகொண்டு இவர் பொறுமையாகப் பதில் சொன்னாராம்.

“கக்கூசுக்குக் குற்றமில்ல மாமா. ஒங்களுக்க தொடை குட்டையாக்கும்.”

அந்தக் காலத்தில் ஒரு வருஷம் தனுவச்சபுரத்தில் ஒரு கிளப்பின் ஆண்டுவிழாவில் வலுதூக்கும் போட்டி. எனக்குப் பரிசெல்லாம் வேண்டாம். ஊர் பார்க்க ஒரு தடவை பாரத்தோடு உட்கார்ந்து எழும்ப வேண்டும், அவ்வளவுதான். நெட்டைக்கால் என்று என்னைக் கேலி செய்யாத ஆளில்லை. இந்த உடம்பு இதற்கு ஆகாது என்று ஜிம் முதலாளியே சொல்லிவிட்டார்.

“எலே மக்கா, ஒனக்குத் தொடை நீளம், முதுகு குட்டை. காலை அகத்தி வச்சு விரலை வெளியத் திருப்பு” என்று அண்ணன் மாதக்கணக்கில் என் உயிரை வாங்கினார். நான் கேட்கவில்லை. எங்கள் ஜிம் சாம்பியன் காலைச் சேர்த்து வைத்துத்தான் தூக்குவான். அவன் குள்ளன் என்பது எனக்கு உறைக்கவில்லை.

மேடையில் அவனைப் போலவே நின்றேன். உட்கார்ந்தேன். அப்படியே முன்னால் கவிழ்ந்தேன். பக்கத்தில் நின்ற இருவர் பாரத்தைப் பிடித்திருக்காவிட்டால் மூக்கு போயிருக்கும். கூட்டம் சிரித்தது.

அடுத்த வாய்ப்புக்கு என்னைக் கூப்பிட்டபோது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணன் மேடை ஏறிவிட்டார். நடுவர் மலையாளத்தில் கத்தினார். இவர் குனிந்து ஒரு பாதம் வரைந்தார். இரண்டு பேர் வந்து இழுத்தார்கள். இரண்டாவது பாதத்தையும் வரைந்து, உள்ளே என் பெயரையும் எழுதிவிட்டுத்தான் இறங்கினார். எனக்கு மானம் போயிற்று. வேறு வழியில்லாமல் அதன்மேல் நின்றேன்.

உட்கார்ந்தேன். முதுகு கவிழவில்லை. எழும்பிவிட்டேன்.

கூட்டம் கை தட்டியது. அண்ணன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

“எடது கால் அரை விரல் வெளிய போச்சு. நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன்.”

திரும்பும் பஸ்ஸில் வீடு வரைக்கும் அதையேதான் சொன்னார். எரிச்சலில் பாதி வழியில் இறங்கிவிடலாமா என்றிருந்தது. ஆனாலும், என் உடம்பு ஆகாது என்று ஊரே சொன்ன காலத்தில், நிற்கிற இடத்தைத்தான் மாற்ற வேண்டும் என்று அடம்பிடித்தவர் அவர் ஒருவர்தான். அந்தத் தொல்லை பிடித்த மனிதர்மேல் எனக்கு உயிர்.