பதினோரு சொல்லில் ஒரு லீவு

இந்த தேசம் முன்னேறாமல் கிடப்பதற்குப் பஞ்சம், பிளேக், வரி என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். உண்மைக் காரணம் இங்கிலீஷில் உள்ள 'ஹூ', 'விச்' என்ற இரண்டு சொற்களே. இதை உலகத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்தது, கல்கத்தா பவானிபூரில் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் 'வாக்கியச் சுருக்க சபை'. அடியேன் அதன் காரியதரிசி.

சபையின் கொள்கை எளிது. 'தி க்ளார்க் ஹூ இஸ் ஸிட்டிங் தேர்' என்று எழுதுகிறவன் சாதாரண மனிதன். அதில் 'ஹூ இஸ்' என்பதைக் கிள்ளி எறிந்துவிட்டு 'தி க்ளார்க் ஸிட்டிங் தேர்' என்று எழுதுகிறவன் உயர் பதவிக்குத் தகுந்தவன். 'தி லெட்டர் விச் வாஸ் போஸ்டட்' என்பதிலும் 'விச் வாஸ்' போனால் கடிதத்துக்கு ஒரு குறையும் இல்லை. வேலையைச் செய்கிறவருக்கு 'இங்' வால். வேலை எவர்மேல் நடக்கிறதோ அவருக்கு 'எட்' வால். வால் மாறும் சொற்களுக்கு ஒரு உபகமிட்டி இருக்கிறது. 'உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா', 'தபாலில் போட்ட கடிதம்' என்று தமிழில் நம் வீட்டுப் பெண்கள் 'யார்', 'எது' இல்லாமல்தானே பேசுகிறார்கள், இதற்கு ஒரு சபையா என்று ஒருவர் முதல் கூட்டத்தில் கேட்டார். அவர் இப்போது உறுப்பினர் அல்ல.

தலைவர் ஸ்ரீனிவாசராகவன், கிளைவ் தெருவில் நாங்கள் ஒன்பது பேரும் உத்தியோகம் பார்க்கும் கம்பெனியின் ஹெட் கிளார்க். அவர் மேஜையைத் தாண்டாமல் எந்தக் காகிதமும் துரையின் மேஜைக்குப் போகாது. சபையில் தேறாத காகிதம் அவர் மேஜையைத் தாண்டாது. இவ்வளவு கச்சிதமான ஏற்பாடு லண்டனில்கூட இருக்குமா என்பது சந்தேகம்.

ஆனி மாதம், எங்கள் ஒன்பது பேரில் இளையவரான திருவேங்கடம் என்ற குமாஸ்தா ஒரு லீவு விண்ணப்பம் கொண்டுவந்தார். அவர் மனைவி ஜெயலக்ஷ்மிக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம், கும்பகோணத்தில் தாயாரிடம் கொண்டுபோய் விடவேண்டும். அழைத்துப்போக அங்கே ஆண்துணை இல்லை. எட்டு பிறந்துவிட்டால் பிரயாணம் கூடாது.

"இன்னும் இருபத்தஞ்சு நாள்தான் இருக்கு, ஸ்வாமி" என்றார் திருவேங்கடம்.

தலைவர் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். "மை வைஃப் ஹூ இஸ் எக்ஸ்பெக்டிங் எ சைல்ட்... ஏன் ஓய், 'ஹூ இஸ்' போட்டிருக்கீரே, இதைத் துரை பார்த்தா நம்மளைப் பத்தி என்ன நினைப்பார்?"

விண்ணப்பம் சபைக்கு வந்தது. அடியேன் அதை என் டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்தினேன்.

முதல் ஞாயிறு, 'ஹூ இஸ்' ஏகமனதாக நீக்கப்பட்டது. இரண்டாம் ஞாயிறு, குழந்தைக்கு 'இங்' போடுவதா 'எட்' போடுவதா என்று விவாதம் எழுந்தது.

"குழந்தை என்ன காரியம் பண்றது? சும்மா இருக்கு. அதுக்கு 'எட்'தான்" என்றார் தலைவர்.

"வந்துண்டிருக்கே, அது காரியமில்லையா?" என்றார் சீதாராமன். சபையின் எதிர்க்கட்சித் தலைவர் அவர்.

"வரட்டும், அப்புறம் 'இங்' போடலாம்."

"உதைக்கிறதாம் ஸ்வாமி, திருவேங்கடத்தையே கேளுங்கோ."

திருவேங்கடம் எழுந்து, உதைப்பது உண்மைதான் என்று சபைக்குத் தெரிவித்துக்கொண்டார். வோட்டெடுப்பு நாலுக்கு நாலு. தலைவர் தம் வோட்டை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்தார்.

மூன்றாம் ஞாயிறு பெருமழை. தெருவில் முழங்கால் தண்ணீர். ஹௌரா ஸ்டேஷனுக்குப் போகும் வண்டிகள்கூட ஓடின; சபைக்குத்தான் கோரத்துக்கு வேண்டிய ஆள் சேரவில்லை. திருவேங்கடம் மட்டும் வேஷ்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்து, என் வாசலில் நனைந்து நின்றார்.

"இந்த ஒரு தடவை அப்படியே அனுப்பிடுங்கோளேன்" என்றார்.

"அரைகுறையாகவா? உம்ம பேர் கெட்டுடும், ஓய்" என்றேன். அவர் நன்மையை நான் எவ்வளவு கருதினேன் என்பதற்கு இதுவே சாட்சி.

நாலாம் ஞாயிறு, எட்டாம் மாதம் பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தபோது, விண்ணப்பம் பூரணம் அடைந்தது. 'லீவ் ஸொலிஸிடெட் டு எஸ்கார்ட் வைஃப் எக்ஸ்பெக்டிங் சைல்ட் டு ஸ்டேஷன் நேம்ட் பிலோ.' பதினோரே சொல். திங்களன்று அது துரையிடம் போயிற்று. துரை ஒரு கையில் தேநீர்க் கோப்பையோடு, படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அத்தனை தெளிவான இங்கிலீஷைப் படித்துத்தான் பார்க்கவேண்டும் என்பதில்லை அல்லவா?

லீவு கிடைத்தது. பிரயாணம் கிடைக்கவில்லை. பிரசவம் பவானிபூரில், ஒழுகுகிற மாடியறையில் நடந்தது. கூட இருந்தவர், எல்லோரும் 'மாஷிமா', அதாவது சித்தி, என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அம்மாள் ஒருவரே. இரவும் பகலுமாக ஜெயலக்ஷ்மி "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டாளாம். மாஷிமா "இதோ இருக்கேன் மா" என்று வங்காளத்தில் பதில் சொல்லிக்கொண்டே கையைப் பிடித்திருந்தாராம். தெய்வாதீனமாகத் தாயும் பெண்குழந்தையும் சௌக்கியம்.

புண்யாஹவாசனத்தன்று சபையார் ஒன்பது பேரும் திருவேங்கடத்தின் மாடியறையில் கூடினோம். விண்ணப்பத்தின் நகல் ஒன்றைக் கண்ணாடி போட்டுச் சட்டமிட்டு, குழந்தைக்குப் பரிசாகக் கொடுத்தோம். "இந்தக் குழந்தைக்காக சபை நாலு வாரம் உழைத்தது" என்று தலைவர் பேசினார்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஜெயலக்ஷ்மியின் குரல் வந்தது. புருஷனிடம் சொல்வதுபோல்தான் சொன்னாள். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"செக்ரடரி மாமா போன வருஷம் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனாரே. நீங்க ஒரு ஞாயிறு தவறாம சபைக்குப் போறேள். அவர் விண்ணப்பத்தை எந்த ஞாயிறு திருத்தினேள்னு அவரையே கேளுங்கோ."

எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். தலைவர் தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

போன வருஷம் அவர் மலேரியாவில் படுத்திருந்த ஒரு நாள், நான் துரையின் கதவோரம் நின்று, "சார், ஸிஸ்டர் மேரேஜ், லீவ்" என்றேன். துரை தலையை ஆட்டினார். அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லியிருந்தால் சபை ஏது, காரியதரிசி ஏது?

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பெண் கேட்ட கேள்வியில் நீக்குவதற்கு ஒரு சொல்கூட இல்லை. என் பதிலில் நிறைய இருந்தன. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, பாயசம் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.