ரெட்டை கிளிக்கில் மாட்டிய பெரியப்பா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அன்றைக்குத் தப்பு என் மேல் இல்லை. செஞ்சி கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் வேறு மாதிரி சொல்வார்கள். சொல்லட்டும்.

டிகிரி முடித்த கையோடு, "வெப்சைட் செஞ்சே பொழச்சிக்குவேன், அதுவும் இந்த ஊர்லயே" என்று வீட்டில் அறிவித்திருந்தேன். (அதுவரை நான் செய்திருந்தது ஒரே ஒரு வெப்சைட். அதில் என் பெயர் மட்டும் கலர் கலராக மாறும்.) நைனாவுக்கோ நான் பேங்க் பரீட்சை எழுதியாக வேண்டும். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். பெரியப்பா தன் பாத்திரக்கடையைப் பெரிதாக்கித் திறக்கிறார். கடைக்கு நான் செய்யும் வெப்சைட் திறப்பு விழாவில் ஒழுங்காக ஓடினால் நைனா என்னை என் வழியில் விட்டுவிடுவார். இல்லாவிட்டால் விழுப்புரத்தில் பேங்க் கோச்சிங்.

முகப்பில் பெரியப்பா கைகூப்பி, "வணக்கம், வாங்க" என்று அழைக்கும் வீடியோ. பட்டன் கிட்டன் எதுவும் வைக்கவில்லை, அழகு கெட்டுவிடுமே! ஜாவாஸ்கிரிப்ட்டில் நான் எழுதியது இவ்வளவுதான்: வீடியோ மேல் கிளிக் செய்தால் ஓடும், மறுபடி கிளிக் செய்தால் நிற்கும். வீட்டில் ஓயாமல் ஓட்டிப் பார்த்ததில் அம்மா தூக்கத்திலேயே பதில் வணக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

விழாவில் லேப்டாப்பைப் பெரிய டிவியோடு இணைத்தேன். தொடங்கிவைக்க வந்தவர் பக்கத்து ஜவுளிக்கடை முதலாளி. கடைத்தெருவில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. மவுஸைப் பிடித்து டக் டக் என்று இரண்டு தரம் அமுக்கினார்.

முதல் கிளிக்கில் வீடியோ ஓடியது. இரண்டாவதில் நின்றது. "வ" என்றார் திரையில் பெரியப்பா.

மறுபடி டக் டக். "ண."

"இன்னாபா, விக்கல் எடுக்குது?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். யாரோ நிஜப் பெரியப்பாவிடம் தண்ணீர்ச் செம்பை நீட்டினார்கள். அவரும் வாங்கிக் குடித்தார்.

"ஐயா, ஒரு தரம் மட்டும் அமுக்குங்க!"

"ஒரு தரம் அமுக்குனா செலக்ட்டுதாம்மா ஆவும். நீ பொறக்கறதுக்கு முன்னாலருந்து நான் கம்ப்யூட்டர் வச்சினு இருக்கறேன்."

"அது ஃபோல்டருக்கு! இது வெப் பேஜு!" என்று கத்தினேன். (பெரிய மனிதரிடம் கத்தக்கூடாதாம். பெரிய மனிதர் மட்டும் என் வீடியோவைக் குத்திக் கொல்லலாமாம்.)

கோபத்தில் அவர் டக் டக் டக் டக் என்று அமுக்க, பெரியப்பா கண் பாதி மூடி, வாய் முழுதாகத் திறந்தபடி டிவி நிறைய நின்றுவிட்டார். "ரிப்பேரு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு முதலாளி பந்திக்குக் கிளம்பினார். கூட்டமும் பின்னாலேயே போனது. நான் போய் ஒரே ஒரு தரம் அமுக்கினேன். பெரியப்பா காலி நாற்காலிகளைப் பார்த்து மிச்ச வணக்கத்தை அழகாகச் சொல்லி முடித்தார்.

நைனா வந்தார். "நாளைக்கே விழுப்புரம் போறோம்."

"போமாட்டேன் நைனா. நான் எழுதுனது கரெக்ட்டு."

"ஊரே சிரிக்குது!"

"சிரிக்கட்டும். நிறுத்துனாரு, நின்னுச்சு. சொன்னதத்தான செஞ்சுது?" அழுதுகொண்டேதான் சொன்னேன். ஆனாலும் சொன்னேன்.

அதற்குள் அந்த வாய் திறந்த முகத்தை யாரோ போனில் எடுத்து அனுப்ப, அது வல்லம், அவலூர்பேட்டை வரை போய்விட்டது. அந்த வாரமே பெரியப்பா வீட்டுக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"அந்த மூஞ்சியவே மொதல்ல வச்சிடும்மா. அத பாக்க வர்றவன் ஒரு குண்டானாவது வாங்கினு போறான்" என்றார். நைனா விழுப்புரத்துக்குக் கட்டிவைத்திருந்த பையைப் பிரித்தார்.

இன்றைக்கும் செஞ்சியில்தான் வெப்சைட் செய்கிறேன். ரெட்டை கிளிக்கை ஒன்றாக எடுத்துக்கொள்ள ஒரு வரி சேர்த்தால் போதுமே என்று சக தொழில்காரர்கள் கேட்கிறார்கள். போதும்தான். சேர்க்க மாட்டேன்.

நைனா எப்போதாவது, "அந்த பேங்க் பரீட்சை..." என்று ஆரம்பிப்பார். உடனே அம்மா அவர் தோளில் டக் டக் என்று இரண்டு தட்டு தட்டுவாள். வீடே சிரிக்கும், அவரும் சிரித்துக்கொண்டு நிறுத்திவிடுவார். அவரை நிறுத்த ஒரு தட்டே போதும் என்பதுதான் என் கட்சி.