கந்தக வாத்தியாரும் உடைந்த அணுவும்

தன் தப்பை ஒளித்து வைக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்து, ஆள் ஆளாகத் தேடிப்பிடித்துச் சொன்ன மனிதர் திருநெல்வேலிச் சீமையிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கந்தக வாத்தியார்.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் ரசாயனம் நடத்தினார். நான் சித்திரம் சொல்லிக் கொடுத்தேன். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கந்தகத்தை எரித்து எரித்து அவர் கோட்டில் ஏறிய நாற்றம் எத்தனை வெளுப்புக்கும் அடங்கவில்லை. கடைத்தெருவில் அவர் வந்தால் கூட்டம் தானாக விலகும். அதை மரியாதை என்றே அவர் கடைசிவரை நம்பினார்.

மனிதருக்கு நிற்கவும் தெரியாது, உட்காரவும் தெரியாது. "தண்ணீர் என்பது" என்று வகுப்பின் ஒரு வாசலால் வெளியே போவார். "ஆக்ஸிஜனும் சேர்ந்தது" என்று மறு வாசலால் உள்ளே வருவார். நடுவில் என்ன சொன்னார் என்பது தாழ்வாரத்துக் காக்கைகளுக்குத்தான் தெரியும். ஒரு நாள் சோப்புக் குமிழியில் ஹைட்ரஜனை அடைத்துக் கொளுத்தினார். அந்த வெடியில் பக்கத்து அறையில் கண்ணயர்ந்திருந்த தலைமையாசிரியர் பதறி எழுந்து, பழக்கதோஷத்தில் மணி அடிக்கச் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பள்ளிக்கூடம் மத்தியானத்துக்கு முன்பே விட்டுப்போயிற்று.

அவர் நடத்திய பாடங்களில் அணுதான் அவருக்கு உயிர். "பிளந்துகிட்டே போனா கடைசியில ஒண்ணு மிஞ்சும்லே. அதுதான் அணு. அத எவனாலயும் பிளக்க முடியாது!" என்று மேசையை அறைவார். கரும்பலகையில் கோலிக்குண்டு மாதிரி அதற்குப் படம் போட்டுக் கொடுத்தவன் நான்.

ஐந்தாம் ஜார்ஜுக்குப் பட்டம் கட்டிய வருஷம், லண்டனிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டு பழைய பத்திரிகைகள் வந்தன. இட்லியைப் பிட்டுக்கொண்டே ஒன்றைப் புரட்டியவர் துள்ளி எழுந்தார்.

"போச்சு வே! அணுவுக்குள்ள அதைவிடப் பொடிசா மின்சாரத் துணுக்கு இருக்காம். எலெக்ட்ரானாம். அத வெளிய உருவிட்டானாம்! பிளக்க முடியாதுன்னு இத்தன பிள்ளையளுக்குச் சொல்லிட்டனே!"

"இனிமே படிக்கப்போறவனுக்கு மாத்திச் சொல்லும். அவ்வளவுதான?"

"அப்போ படிச்சிட்டுப் போனவன்?"

கையைக் கழுவாமலே கிளம்பிவிட்டார். குறுக்குத்துறை ஆற்றில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த, தம்மிடம் படித்த ஒரு வக்கீல் குமாஸ்தாவின் காதருகே குனிந்து, "ஏலே, அணுவப் பிளந்துட்டாம்லே!" என்றார். கண்ணைத் திறக்க முடியாத அந்த ஆள் அலறிக்கொண்டு தண்ணீரில் விழுந்தான். திசையன்விளைச் சந்தையில் இன்னொருவனைத் தராசும் கையுமாகப் பிடித்தார். திருச்செந்தூரில் ஒரு பழைய மாணவன் மொட்டை போட உட்கார்ந்திருந்தான். பாதித் தலை முடிந்த சமயம் வாத்தியார் போய் விளக்க ஆரம்பிக்க, சிரைத்துக்கொண்டிருந்தவர் கத்தியை மடக்கிவிட்டுக் கதை கேட்க உட்கார்ந்துவிட்டார். மீதித் தலைக்காக அவன் முருகனையும் வாத்தியாரையும் மாறி மாறிக் கும்பிட்டான்.

வாத்தியாருக்கு இது ரசாயனம். அவரிடம் படித்துச் சர்க்கார் கச்சேரிகளில் குமாஸ்தாவானவர்களுக்கோ அது சோற்றுக்கே வந்த ஆபத்து. "பரீட்சையில நாம எழுதுனது தப்புன்னு வாத்தியாரே சொல்லுதாரு. அப்போ நம்ம பாஸ் செல்லுமா?" என்று யாரோ ஒருவன் கேட்டான். சாயங்காலத்துக்குள் அது "பாஸ ரத்துப் பண்ணுதாங்களாம்" என்று வளர்ந்தது. தச்சநல்லூர் போய்ச் சேரும்போது "வேலையே போயிட்டாம்" என்று ஆகியிருந்தது.

தச்சநல்லூரில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்த அண்ணாச்சி ஒருவர் தம் மகளைச் சுடலைமுத்து என்ற தாலுகா கச்சேரிக் குமாஸ்தாவுக்கு நிச்சயம் செய்திருந்தார். சுடலைமுத்து கந்தக வாத்தியாரிடம் படித்தவன். வேலை போன மாப்பிள்ளை வேண்டாமென்று அண்ணாச்சி கல்யாணத்தை நிறுத்திவிட்டார்.

சுடலைமுத்து எங்கள் வாசலில் வந்து நின்று அழுதான். "அணு உடைஞ்சா உடையட்டும் சார். என் கல்யாணம் ஏன் சார் உடையணும்? அந்தப் பிள்ளைய விட்டா எனக்கு வேற யாரும் வேண்டாம் சார்."

வாத்தியார் முகம் சுண்டிப்போயிற்று. உடனே தச்சநல்லூருக்கு மாட்டுவண்டி பிடித்தேன். அவர் வண்டியில் ஏறவில்லை. வண்டிக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். மாடுகளுக்கே வெட்கமாக இருந்திருக்கும். நான் மேலே இருந்தபடி கெஞ்சினேன்.

"பழைய பாடந்தான் சரி, விளையாட்டுக்குச் சொன்னேன்னு ஒரு பொய்யச் சொல்லும் வே. காரியம் முடிஞ்சிரும்."

"வராது வே. நெனச்சாலே நாக்கு ஒட்டிக்கிடுது."

அண்ணாச்சி சுற்றி வளைக்கவில்லை. "வாத்தியாரய்யா, பையன் பரீட்சையில எழுதுனது சரியா, தப்பா?"

"தப்பு அண்ணாச்சி."

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன்.

"பேப்பர் திருத்துனவரு?"

"அவருக்கும் தெரியாது."

"அச்சடிச்ச புத்தகம்?"

"அதுவும் தப்பு."

"கூட எழுதுனவங்க?"

"எல்லாவனும் தப்புதான். நானே தப்பா இருந்தனே அண்ணாச்சி!"

அண்ணாச்சி கருப்பட்டிச் சிப்பங்களைப் பார்த்தபடி யோசித்தார். "அப்போ ஊரே தப்பு. எங்க மாப்பிள்ளைய மட்டும் எவனும் வேலைய விட்டு எடுக்க முடியாது."

"எதுக்கு எடுக்கணும்? அன்னைக்குத் தெரிஞ்ச மட்டுக்கும் அவன் சரியாத்தான எழுதுனான்?"

"அத முதல்லயே சொல்லப்படாதாய்யா!" அண்ணாச்சிக்கு மூச்சு வந்தது. "ஆனா ஒண்ணு. தாலி ஏறிப் பந்தி முடியுத வரைக்கும் இனிமே ஒண்ணும் மாறப்படாது. மாறுனாலும் நீரு வாயத் திறக்கப்படாது. எங்க சனம் இன்னொரு தரம் தாங்காது."

வாத்தியார் கையடித்துச் சத்தியம் செய்தார்.

விதி யாரை விட்டது? கல்யாணத்தன்று காலையில் புதுப் பத்திரிகை வந்து சேர்ந்தது. அரைகுறையாகக் கட்டிய வேஷ்டியோடு என் அறைக்கு ஓடி வந்தார். "வே! அணுவுல முக்காலே மூணுவீசம் வெறும் வெளிதானாம் வே! நடுவுல மட்டும் பொட்டுப்போல ஒரு கெட்டி. அவ்வளவுதானாம்!"

"வாக்குக் குடுத்திருக்கீரு," என்றேன்.

"தெரியும் வே," என்று பத்திரிகையை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார்.

பந்தியில் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தது முழுக்க அவர் படிப்பித்த பையன்கள். அவர் உட்கார்ந்த இடம் கொதித்தது. முழங்கால் ஆடியது, இலை ஆடியது. வாய் சும்மா இருந்தால் வந்துவிடுமென்று சோற்றை உருட்டி உருட்டி உள்ளே தள்ளினார். பாயசத்தை வாங்கி வாங்கிக் குடித்தார்.

மாலையும் கழுத்துமாகப் பந்தி விசாரித்து வந்த சுடலைமுத்து இவரைக் கண்டதும் வெளுத்துப்போனான். குனிந்து ரகசியமாகக் கேட்டான்.

"சார், புதுசா ஒண்ணும் இல்லையே?"

வாத்தியார் அவனை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு இடுப்புப் பத்திரிகையை முழங்கையால் அமுக்கிக்கொண்டு சொன்னார்: "ஒண்ணும் இல்லலே. எல்லாம் அப்படியேதான் இருக்கு. நீ போயி ஒன் பொண்டாட்டி பக்கத்துல உக்காரு."

அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அது. சொல்லி முடித்தவருக்கு வியர்த்துக் கொட்டியது. என் தோள் துண்டை எடுத்து நானே அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன். அந்த நேரத்தில் அந்த மனிதர்மேல் எனக்கு வந்த பிரியம் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.