பக்கத்துச் சீட்டில் மாமியார்

விமானத்தில் ஏற வேண்டிய எட்டுப் பேர் பட்டியலில் ஆறாவதாகத் தன் மாமியாரின் பெயர் இருப்பதைப் பார்த்ததும் விமானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மாமியார் விமானத்தில் வருவது ஒரு பெரிய விஷயமில்லை. அதை ஓட்டப்போவது தன் மருமகன் என்று அவருக்குத் தெரியக்கூடாது. அதுதான் விஷயம். பெண் கேட்கப் போன அன்றே அவர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆகாயத்தில் தொங்குகிற பிழைப்பு என்றால் பெண் கிடையாது, தரையில் உத்தியோகம் பார்ப்பதாக இருந்தால் மேற்கொண்டு பேசலாம். காதலில் கண்மண் தெரியாமல் இருந்தவன் தலையைப் பலமாக ஆட்டிவிட்டான். விமான நிலைய அலுவலகத்தில் மேஜை வேலை என்கிற அந்த நாடகம் ஆறு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் சாயம் இன்று வெளுத்தால் ஒன்று பறக்கிற வேலையை விட வேண்டும், இல்லையென்றால் மாமியார் பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார். அவனுக்கு இரண்டுமே உயிர்.

மனைவிக்குப் போன் போட்டான். எப்போதும் படகில் வருகிற அம்மா, திடீரென்று விமானம் என்று கிளம்பிவிட்டாராம். அவளுக்கே இப்போதுதான் தெரியுமாம்.

“மாட்டிக்கிட்டா நீங்களே சமாளிச்சுக்கோங்க,” என்றாள். “எனக்கு ஒண்ணுமே தெரியாது. உங்களுக்கு முன்னாடி நான் அழ ஆரம்பிச்சுடுவேன்.”

தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டான். மேகம் கவிந்து பகலே இருட்டிக்கிடந்த நேரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டான். போதாததற்கு ஒரு மாஸ்க். கவுன்டரில் இருந்த பெண் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கண் வலியா என்று கேட்டாள். கண்ணும் வலி, தொண்டையும் வலி என்றான். மாமியாரைக் கடைசி வரிசையில் உட்கார வைக்கச் சொன்னான். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

அந்தச் சின்ன விமானத்தில் பணிப்பெண் எல்லாம் கிடையாது. பெல்ட் போடுவது, கதவைத் திறப்பது எல்லாவற்றையும் விமானிதான் பயணிகளுக்குச் சொல்ல வேண்டும். குரல் காட்டிக்கொடுத்துவிடுமே என்று அவன் மெக்கானிக்கிடம் அந்தப் பொறுப்பைத் தள்ளினான். மெக்கானிக் நல்ல மனிதர். விமானத்தின் மேல் உயிரையே வைத்திருப்பவர். எனவே பெல்ட்டோடு நிறுத்தாமல், போன மாதம் இந்தக் கதவு கொஞ்சம் மக்கர் செய்ததையும், அதைத் தான் எப்படிச் சரிசெய்தார் என்பதையும், இன்றைக்குக் காற்று ஒரு மாதிரியாக இருப்பதால் வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்வது நல்லது என்பதையும் பாசத்தோடு விளக்கினார். விமானியின் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்த ஆஜானுபாகுவான வியாபாரி ஒருவர் மரியாதையாக எழுந்து, இறங்கி, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

முன்பக்கம் எடை குறைந்துவிட்டது. சின்ன விமானத்தில் ஆளை எடை பார்த்துத்தான் உட்கார வைப்பார்கள். கவுன்டர் பெண் தாளை எடுத்து மறுபடி கணக்குப் போட்டாள். வியாபாரியின் இடத்தை நிரப்பும் உடல்வாகு இன்னும் ஒருவருக்குத்தான் இருந்தது. பெட்டிகளை முன்னால் வைக்கலாமே என்று அவன் சைகையில் கெஞ்சினான். முன்னால் பெட்டி வைக்க ஏது இடம் என்று அவள் சைகையிலேயே பதில் சொன்னாள்.

மாமியார் வந்து அவனுக்கு வலப்பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, “ஓட்டுங்க தம்பி,” என்றார்.

கடலைத் தாண்டும் வரை அவன் முகத்தை இடப்பக்கம் திருப்பியே வைத்திருந்தான். கழுத்து சுளுக்கிக்கொண்டது. மலைகள் வந்தன. காற்று அதன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. விமானம் எழும்பியது, விழுந்தது, பக்கவாட்டில் ஒரு நடை நடந்தது. பின்னால் யாரோ கடவுளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் வேகத்தைக் குறைத்து, கறுத்திருந்த மேகத்தைச் சுற்றிக்கொண்டு போனான்.

மாமியாருக்குப் பயம் வந்தால் பேச்சும் வரும் போலிருக்கிறது. இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

“நீங்க பேச மாட்டீங்களா தம்பி?”

அவன் தொண்டையைத் தொட்டுக் காட்டினான்.

“பரவாயில்லை. பேசாத ஆள்தான் எனக்கு வசதி.”

தன் மருமகனும் இதே கம்பெனியில்தான் மேஜை வேலை பார்க்கிறார் என்று ஆரம்பித்தார். ஒரு தடவை குழாயைச் சரிசெய்கிறேன் என்று இறங்கி வீடு முழுக்க வெள்ளமாக்கிய கதையைச் சொன்னார். ஒரு விஷயத்தை நேருக்கு நேர் சொல்லத் தெரியாதாம். உப்பே போடாமல் சமைத்து வைத்தாலும் ஆகா ஓகோ என்பாராம். பொய் சொல்கிறார் என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்குமாம். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். தன்னைப் பற்றிய புகாருக்குத் தானே ஆமாம் போடுகிற பாக்கியம் எத்தனை மருமகன்களுக்குக் கிடைக்கும்!

அப்போது விமானம் திடீரென்று கீழே போனது. தொப்பி கூரையில் இடித்துப் பின்னால் பறந்தது. மாமியார் சீட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

“ஆனா ஒண்ணு தம்பி. என் பொண்ணு அந்த வீட்ல சிரிச்சுக்கிட்டே இருக்கா. எங்கிட்ட இருந்தப்பகூட அவ்வளவு சிரிச்சதில்லை. இதை அவர்கிட்ட சொல்லணும்னு நினைப்பேன். நேர்ல பார்த்தா வாய் வராது.”

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆறு வருடத்தில் இவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராதா என்று ஏங்கியிருக்கிறான். வந்தது, அதுவும் மலைக்கு மேலே, பிடித்துக்கொள்ள இடமில்லாத நேரத்தில். மூச்சு மாஸ்க்குக்குள் சூடாகி, கறுப்புக் கண்ணாடியில் பனி படர்ந்து, முன்னாலிருந்த மீட்டர்களின் முள் ஒன்றுகூடத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் போட்டான்.

ஓடுபாதை தெரிந்தது. பக்கவாட்டுக் காற்று பலமாக இருந்தது. ரேடியோவில் அனுமதி கேட்க வேண்டும். ரகசியக் குரலில் கேட்டான். கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றார்கள். கொஞ்சம் பெண் குரலில் கேட்டான். யார் பேசுவது என்றார்கள். அதற்குள் காற்று ஒரு தள்ளு தள்ளி விமானத்தைப் பாதையை விட்டு விலக்கியது. இறங்காமல் மறுபடி மேலே ஏற வேண்டியதாயிற்று. பின்னால் ஏழாவது பயணி அழவே ஆரம்பித்துவிட்டார்.

மாட்டினால் மாட்டிக்கொண்டு போகிறோம் என்று அவன் மாஸ்க்கை இறக்கினான். ஏழு பேர் உயிரை வைத்துக்கொண்டு நாடகம் போட அவனுக்கு மனம் வரவில்லை. சொந்தக் குரலில், கணீரென்று பேசினான். அனுமதி வந்தது. காற்றுக்கு எதிராகச் சரிந்தபடியே இறக்கி, முதலில் ஒரு சக்கரத்தையும் பிறகு மற்றதையும் தரையில் வைத்தான். மாமியார் முகத்தைத் திருப்பி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் சத்தம் காப்பாற்றியது என்று நினைத்துக்கொண்டான்.

“நல்லபடியா கொண்டுவந்து சேர்த்தீங்க தம்பி,” என்று ஜன்னலிடமே சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

அவன் ஷெட்டுக்குப் பின்னால் ஓடினான். சட்டையை மாற்றினான். கையில் கிடைத்த ஃபைலை அணைத்துக்கொண்டு, மூச்சு வாங்க வாசலில் போய் நின்றான்.

“வாங்க அத்தை. பிரயாணம் எப்படி இருந்தது?”

“பரவாயில்லை மாப்பிள்ளை. ஆபீஸ்ல ரொம்ப வேலையோ? பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க.”

அழைத்துப்போக வந்திருந்த மனைவி, அழுவதற்குத் தயாராக வைத்திருந்த கைக்குட்டையைச் சத்தமில்லாமல் பைக்குள் திணித்தாள். அம்மாவும் பெண்ணும் காரில் ஏறிப் போனார்கள். கார் மறையும் வரை கையசைத்துவிட்டு, அவன் அங்கேயே படியில் உட்கார்ந்தான். ஆறு வருடம் தப்பித்தாயிற்று, இனி அறுபது வருடமும் தப்பிக்கலாம் என்று தோன்றியது.

போன் அடித்தது. புறப்பட்ட ஊரின் கவுன்டர் பெண். எல்லோரும் பத்திரமா என்று விசாரித்தாள். பத்திரம் என்றான்.

“முன் சீட்டு அம்மாவுமா? அப்பாடா. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க, இருந்தாலும் மனசு கேட்கலை சார். இந்த ரெண்டு வருஷத்துல நாலு தடவை டிக்கெட் எடுத்துட்டு, வேற பைலட்னு தெரிஞ்சதும் படகுக்கே போயிட்டாங்க. ‘எங்க மாப்பிள்ளை ஓட்டுற அன்னிக்குச் சொல்லும்மா, அவரை நம்பித்தான் நான் ஏறுவேன்’னு.”