முதுமக்கள் தாழியில் ஓர் இளைய மகள்

பயம் வந்தால் சிலருக்கு மூளை சுறுசுறுப்பாகும். எனக்கு உடம்பு வீங்கும். டாக்டர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் என்னைத் தாழிக்குள் பார்த்ததில்லை.

எழுபதுகளில் எங்கள் பட்டணத்துக் கல்லூரியில் ஊர் ஊராகப் போய்ப் படிக்கும் வகுப்பு ஒன்று இருந்தது. காலையில் தொல்லியல், மாலையில் வெப்பமண்டலச் சூழலியல். (அதாவது காலையில் செத்தவர்கள், மாலையில் கடிப்பவை.) அந்த முறை காஞ்சிபுரம், செவிலிமேட்டுப் பக்கம் பாலாற்றங்கரையில் ஓர் அகழாய்வுக் குழி. எங்கள் வீடு வாலாஜாபாத்தில் என்பதால் மதியம் அப்பா சாப்பாடு கொண்டுவருவதாக ஏற்பாடு. "ஊர் சுத்தறதெல்லாம் ஒரு படிப்பாமா? ஏதாவது ஏடாகூடம் ஆச்சின்னா அன்னிக்கே நிறுத்திடுவேன்" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

குழியில் ஒரு முதுமக்கள் தாழி. எலும்பையும் மண்ணையும் எடுத்துக் காலியாக வைத்திருந்தார்கள். தொல்லியல் பேராசிரியர் டீ குடிக்கப் போனதும், "இதுக்குள்ள ஓர் ஆள் எப்படிடீ உட்காருவாங்க?" என்றாள் தோழி லலிதா.

உட்கார்ந்து காட்டினேன்.

எழுந்தபோது இடுப்பு தாழியின் வாயில் சிக்கி நின்றுவிட்டது. லலிதா இழுத்தாள். தாழிதான் ஆடியது.

ஓடிவந்த பேராசிரியர் தலையில் கைவைத்தார். "ரெண்டாயிரம் வருஷத்துல ஒரே ஒரு விரிசல்தான் விட்டிருந்தது!" (கவலை தாழியைப் பற்றி.)

"ஒடச்சி வுட்டுடலாமா சார்?" மண் அள்ள வந்திருந்த ராணியக்கா கடப்பாரையைத் தூக்கினார்.

"வேணாம்!" நானும் பேராசிரியரும் ஒரே குரலில் அலறினோம்.

அப்போது சாலையில் பஸ் நிற்கும் சத்தம். அப்பா! எனக்கு வியர்த்தது, இன்னும் வீங்கினேன். படிப்பு போயிற்று, அத்தை மகனோடு கல்யாணம்தான் என்று கண் இருட்டியது.

மாலை வகுப்புக்கு வந்திருந்த சூழலியல் ஆசிரியர் மட்டும் நிதானமாகக் குனிந்து, விரிசல் வழியே டார்ச் அடித்தார். "ஆகா, கருந்தேள்! உன் கால்கிட்டதாம்மா. அசையாதே, முதுகுல குஞ்சுங்க..."

மீதியை அவர் சொன்னபோது நான் குழிக்கு வெளியே நின்றிருந்தேன். தாழியின் வாயிலிருந்து உடைந்த ஒரு துண்டு என் தாவணியில் தொங்கியது. எதிரே கேரியரோடு அப்பா. என்னைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், பேராசிரியர் பக்கம் திரும்பினார்.

"இன்னா சார், இதுக்கு எவ்ளோ மார்க்கு?"

படிப்பை நிறுத்தவில்லை. "சாவுப் பானையிலிருந்தே எழுந்து வந்துட்டா, பட்டணத்துல பொழைக்கமாட்டாளா?" என்றாராம் அம்மாவிடம்.

தாழி இப்போது ஓர் அருங்காட்சியகத்தில், வாயில் ஒட்டுப்போட்டு நிற்கிறது. குடும்பத்தோடு பார்க்கப் போனோம். கயிற்றுத் தடுப்பருகே நான் நின்றதும், கதை தெரிந்த மகன் கையைப் பிடித்து இழுத்தான்.

"தள்ளி வாம்மா. மூடி போடாம வெச்சிருக்காங்க."