அக்காவின் பல்லும் நான் வாங்கிய நுங்கும்

டாக்டர் சொன்னதைக் கேட்காதவனைக்கூட மன்னித்துவிடலாம். கேட்டு, தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதற்குச் சொந்தமாக உரையும் எழுதுகிறவனை மன்னிக்கவே கூடாது. நான் இரண்டாவது ரகம். இதை என் மனைவி கலா எட்டு வருடமாக ஊரெல்லாம் சொல்லிவருகிறாள். இன்று நானே சொல்லிவிடுகிறேன். அவளுக்கும் வாய் வலிக்கும் அல்லவா?

சுகுணா அக்கா என்னைவிடப் பதினாறு வயது மூத்தவள். அம்மையார்குப்பம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்து, அதே பள்ளியிலேயே முப்பத்தைந்து வருடம் இருந்தாள். தினமும் திருத்தணியிலிருந்து பஸ். நான் படித்ததெல்லாம் அவள் வீட்டில் தங்கித்தான். காலையில் எனக்குத் தனி டிபன் பாக்ஸ், அவளுக்குத் தனி டிபன் பாக்ஸ். என்னுடையதில் எப்போதும் ஒரு தோசை கூடுதலாக இருக்கும். அரக்கோணத்தில் ரயில்வே வேலை கிடைத்த பிறகும், கல்யாணம் ஆகிற வரைக்கும் அவள் கை சோறுதான். மாமா காலமாகி, மகன் புனேவுக்குப் போன பிறகு எங்கள் அடுத்த தெருவிலேயே தனியாக இருந்தாள்.

அந்த வருடம் சித்திரையில் அக்காவுக்கு ஓய்வு. பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழா ஏற்பாடாகியிருந்தது. மற்றவர்களுக்கு அது வெறும் விழா. அக்காவுக்கு அது மைக். முப்பத்தைந்து வருடத்தில் அந்தப் பள்ளியில் எத்தனையோ ஆண்டு விழா, கொடியேற்றம். ஒவ்வொன்றிலும் அழைப்பிதழின் கடைசி வரி ஒன்றுதான்: நன்றியுரை, சுகுணா டீச்சர். அதாவது எல்லாரும் நாற்காலியை விட்டு எழுந்து, மிக்சர் பொட்டலம் எங்கே கொடுக்கிறார்கள் என்று தேடுகிற நேரம். இந்த ஒரு தடவைதான் அவளுக்கு ஏற்புரை. யாரும் எழுந்து போக முடியாது. நீள நோட்டில் பதினொரு பக்கம் எழுதி வைத்திருந்தாள்.

"சத்துணவு முனியம்மா பேரு, எல்லாப் பசங்க பேரும் எழுதிக்கிறேன்டா. முனியம்மா கைல இப்பவே சொல்லிட்டேன், உம் பேரு மைக்ல வரும்னு. புதுப் பொடவை எடுத்துகினு காத்துகினு இருக்குது" என்றாள்.

விழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது இரண்டு கடைவாய்ப் பற்கள் வேலையைக் காட்டின. பிடுங்கியே ஆகவேண்டும். பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். என்னையும் பக்கத்தில் நிறுத்திவைத்துச் சொன்னார்.

"ஒரு வாரம் மெத்துனு சாப்புடுங்க. சூடு வேணாம், காரம் வேணாம். வேகமாத் துப்பாதீங்க. ஸ்ட்ரா போட்டு எதையும் உறிஞ்சாதீங்க. குழியில ரத்தம் உறைஞ்சு மூடி மாதிரி நிக்கும். அது கழண்டுச்சுன்னா எலும்பு வரைக்கும் வலிக்கும். பத்து நாள் வாயத் தொறக்க முடியாது."

நான் அத்தனையும் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் ஓர் அறிவிப்பு வெளியிட்டேன். ஒரு வாரம் அக்காவுக்குச் சாப்பாடு என் பொறுப்பு.

"இன்னாங்க, சுடுதண்ணி வைக்கவே என்னைத்தான் கூப்புடுறீங்க" என்றாள் கலா.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குக் கிளம்பினேன்.

தெருவில் யாரைக் கேட்டாலும் ஆட்டுக்கால் சூப் என்றார்கள். ஆனால் முருகன் மலையில் சித்திரைத் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்தது. கொடி இறங்குகிற வரைக்கும் எங்கள் வீடுகளில் கவிச்சி கிடையாது, முட்டைகூட ஆகாது. அதனால் செல்போனைத் திறந்து, பல் பிடுங்கியவர்கள் சாப்பிடத்தக்க மெத்தென்ற சைவ உணவுகள் எவை என்று தேடினேன். முதலில் வந்தது பட்டர் ஃப்ரூட்.

மார்க்கெட்டில் பழக்கடை அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மலைக்கு வர்றவங்க வாழப்பழம் கேப்பாங்க, தேங்கா கேப்பாங்க. பட்டர் ஃப்ரூட்ட எந்தச் சாமிக்குப் படைக்கிறாங்க?"

அரக்கோணத்தில் கிடைத்தது. கருங்கல் மாதிரி இருந்தது, பல் உள்ளவனாலேயே கடிக்க முடியாது. பழுக்க நாலைந்து நாள் ஆகும் என்று கடைக்காரர் சொன்னார். அதற்குள் அக்காவுக்குப் பல்லே முளைத்துவிடும் என்று நினைத்து, குக்கரில் வைத்து ஐந்து விசில் விட்டேன். பச்சையாக, வேப்பங்கொழுந்தை அரைத்த கசப்பில் ஒரு விழுது வந்தது. அக்கா இரண்டு ஸ்பூன் விழுங்கினாள்.

"நல்லாத்தான்டா இருக்குது" என்றாள்.

அடுத்தது கேழ்வரகுக் களி. களியை மெல்கிறவனுக்கு எங்கள் பக்கம் பெண் கொடுக்க மாட்டார்கள், அப்படியே விழுங்கவேண்டியது. ஆகவே பல் இல்லாதவர்களுக்கென்றே உண்டான உணவு அது என்று முடிவுகட்டினேன். ஆனால் சூடு கூடாதே! மின்விசிறிக்கு அடியில் இரண்டு மணி நேரம் ஆறவைத்தேன். அது இறுகிப்போய், காக்காயை அடித்தால் காக்காய் விழுந்துவிடும் என்கிற பதத்துக்கு வந்தது. அந்த இரண்டு நாளும் அக்கா உயிரோடு இருந்ததற்குக் காரணம் கலா எனக்குத் தெரியாமல் கொடுத்தனுப்பிய பருப்புச் சாதமும், குழையப் பிசைந்த தயிர்ச் சாதமும்தான். அதோடு நான் அடங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

மூன்றாம் நாள் சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்தால், சாலை ஓரத்தில் நுங்கு. அந்தப் பருவத்தின் முதல் நுங்கு. எனக்கு மண்டையில் பல்பு எரிந்தது. உலகத்திலேயே மெத்தென்ற பொருள், குளிர்ச்சி, சுத்த சைவம், காரம் கிடையாது. டாக்டரின் கட்டளைகளை நுங்கு மாதிரி மதிக்கிற பண்டம் வேறு எது?

"சொளையா எடுத்து கவர்ல போட்டுத் தரவா சார், இல்ல காயாவே சீவித் தரவா?" என்று நுங்குக்காரர் கேட்டார்.

இந்த இடத்தில்தான் என் பரம்பரை கௌரவம் எட்டிப்பார்த்தது. சுளையைக் கவரில் வாங்குவது காரில் போகிற சென்னைக்காரர்கள் செய்கிற காரியம். எங்கள் ஊரில் பிறந்தவன் நுங்கை அதன் காயில் வைத்தே, கட்டைவிரலை விட்டு நெம்பி, வாயை வைத்து ஒரே உறிஞ்சாக உறிஞ்சுவான். "காயாவே குடுப்பா" என்றேன்.

ஸ்ட்ரா கூடாது என்பதற்காக அக்கா வீட்டில் இருந்த ஸ்ட்ரா பாக்கெட்டை நான் முதல் நாளே குப்பையில் போட்டிருந்தேன். அவ்வளவு கவனம். ஆனால் உறிஞ்சுகிற வேலையைச் செய்வது ஸ்ட்ரா அல்ல, வாய்தான் என்பது என் அறிவுக்கு எட்டவில்லை.

அக்காவுக்கு எட்டியது.

"டேய் மோகனு, அந்த டாக்டர் பொண்ணு உறிஞ்சக் கூடாதுன்னு சொல்லிச்சேடா?"

"அது ஸ்ட்ராவுக்குக்கா. பிளாஸ்டிக் பட்டா புண்ணு ஆறாது. இது நுங்கு. குளிர்ச்சி." (பிளாஸ்டிக் பற்றி டாக்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் உரைதான்.)

அக்கா கொஞ்சம் யோசித்தாள். எழுந்துபோய் ஒரு ஸ்பூன் எடுத்துக்கொண்டு வந்தாள். "இத்தால நோண்டித் தின்னட்டா?"

"ஸ்பூன்லயா? நுங்கையா? முப்பத்தஞ்சு வருஷமா பனமரத்துக்கு நடுவுல இருக்கிற பள்ளிக்கூடத்துல வேலை செஞ்சிகினு இருந்த, டீச்சர்! யாராச்சும் பாத்தாச் சிரிப்பாங்க."

யாரும் பார்க்கவில்லை. சிரித்தவன் நான் ஒருவன்தான். அக்கா வெட்கப்பட்டு ஸ்பூனை மேசைமேல் வைத்துவிட்டாள். அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

ஆளுக்கு நாலு காய். சின்ன வயதில் மாதிரி சத்தம் போட்டு உறிஞ்சினோம். மூன்று நாளில் அவள் ஆசையாகச் சாப்பிட்டது அதைத்தான். "வயிறு குளுந்துச்சுடா" என்றாள். நான் மகாராஜா மாதிரி வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் காலையில் போனபோது அக்கா தாடையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பேச்சு வரவில்லை. காதைத் தொட்டுக் காட்டினாள். வலி அதுவரைக்கும் போயிருந்தது. டாக்டரிடம் ஓடினோம். அவர் பல் இருந்த குழியைப் பார்த்தார்.

"மூடி கழண்டு வந்துடுச்சே. எதையாச்சும் உறிஞ்சினீங்களாம்மா?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"பின்ன எப்டிம்மா? டீச்சரா இருக்கீங்க, சொன்னதக் கேக்க வேணாமா? பசங்க கேக்கலன்னா நீங்க திட்ட மாட்டீங்க?"

முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள், மகள் வயதுப் பெண்ணிடம் தலைகுனிந்து திட்டு வாங்கிக்கொண்டாள். 'நான்தான் டாக்டர், நுங்கு வாங்கிக் கொடுத்தேன்' என்று சொல்ல எனக்கு எத்தனை விநாடி ஆகும்? சொல்லவில்லை. சுவரில் பல் தேய்க்கும் முறையை விளக்கும் படம் ஒன்று மாட்டியிருந்தது. அதை என்னளவுக்கு ஊன்றிப் படித்தவன் அந்த ஊரில் கிடையாது.

டாக்டர் குழியில் கிராம்பு வாடை அடிக்கிற மருந்தை வைத்து அடைத்தார். இன்னும் ஒரு வாரமாவது பேச்சைக் குறைக்கவேண்டும் என்றார். விழாவுக்கு நாலு நாள்தான் இருந்தது.

விழா அன்று பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். அக்காவிடம் படித்த ஒரு பையன் தன் தறியில் நெய்த புடவையை அவள் தோளில் போர்த்தினான். முதல் வரிசையில் ஓரமாக, மொடமொடவென்று புதுப் புடவையில் முனியம்மா. எல்லாரும் பேசி முடித்தார்கள். "அடுத்து ஏற்புரை" என்று மைக்கில் சொன்னார்கள். அக்கா எழுந்தாள். கும்பிட்டாள். நோட்டை என் கையில் வைத்து என்னை மைக் பக்கமாகத் தள்ளினாள்.

எனக்கு மேடையும் தெரியாது, மைக்கும் தெரியாது. அப்படியே எழுத்துக் கூட்டாத குறையாகப் படிக்க ஆரம்பித்தேன்.

"இருபத்துமூன்று வயதில், புதுப் புடவை கட்டிக்கொண்டு, தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, இந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றேன்."

மீசையும் வழுக்கையுமாக ஓர் ஆள் இதைச் சொன்னால் பிள்ளைகள் என்ன செய்யும்? கொல்லென்று சிரித்தார்கள். 'அக்கா எழுதியிருக்கிறார்' என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். தோன்றவில்லை. பதற்றத்தில் அடுத்த வரிக்குப் போனேன்.

"அப்போது நான் முழுகாமல் இருந்தேன்."

சாமியானாவே ஆடிப்போனது. பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அக்கா சிரிக்கவும் முடியாமல், அழவும் முடியாமல் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பக்கங்களைப் புரட்டிப் புரட்டி ஓடினேன். ஏழாம் பக்கத்தில், ஓரமாக, வேறு மையில், பட்டர் ஃப்ரூட் நாளில் சேர்த்தது போல இரண்டு வரி இருந்தது. யோசிக்காமல் படித்துவிட்டேன்.

"போன வாரம் பல் பிடுங்கினேன். என் தம்பிதான் சமைத்துப் போடுகிறான். அவன் கையால் சாப்பிடுவதற்காகவே இன்னும் இரண்டு பல் பிடுங்கிக்கொள்ளலாம்."

இதற்கும் சிரித்தார்கள். அதற்கு மேல் எனக்கு ஓர் எழுத்தும் தெரியவில்லை. "நன்றி, வணக்கம்" என்று சொல்லி நோட்டை மூடிவிட்டு இறங்கிவிட்டேன். நாலு பக்கம் மிச்சம்.

கூட்டம் கலைந்தது, மிக்சர் பொட்டலம் வந்தது. முனியம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எம் பேரு வரும்னு டீச்சர் சொன்னாங்களே தம்பி... நான்தான் கவனிக்காம வுட்டுட்டனா?"

"ஆங்... வந்துச்சும்மா. சிரிப்புல கேட்டிருக்காது" என்றேன். அந்த வாரத்தில் நான் செய்த கடைசி அயோக்கியத்தனம் அதுதான். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நம்பியதாகத் தெரியவில்லை.

வாய் ஆறிய பிறகு அக்கா அந்த நோட்டை எடுத்துக்கொண்டு முனியம்மா வீட்டுக்குப் போனாள். நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். வாசலில் நின்றபடி அந்த நாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். முனியம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். கேட்க இரண்டே பேர், அவளும் நானும். திரும்பி வரும் வழியில் நான், "தப்புப் பண்ணிட்டேன்கா. டாக்டர் கைலயாச்சும் சொல்லியிருக்கணும்" என்றேன்.

"வுடுடா. அந்தப் பொண்ணு உன்ன ரொம்பத் திட்டியிருக்கும்" என்றாள். அவள் அதோடு விட்டுவிட்டாள். என்னால்தான் விட முடியவில்லை.

அந்தப் பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். சிலர் அரக்கோணம் ரயிலில் என்னோடுதான் வருகிறார்கள். "வாங்க டீச்சர், எடம் போட்டு வச்சிக்கினு இருக்கோம்" என்று பெட்டியே திரும்பிப் பார்க்கக் கூப்பிடுவார்கள். நானும் போய் உட்கார்ந்துகொள்வேன், வேறென்ன செய்வது?

ஒவ்வொரு சித்திரையிலும் நான் நுங்கு வாங்கி வருவேன். சுளையாக, கவரில். அக்கா அதைக் கிண்ணங்களில் போட்டு, லீவுக்குப் புனேவிலிருந்து வந்திருக்கும் பேரன் பேத்திகள் எல்லாரையும் உட்காரவைத்து, கடைசியில் என்னிடம் வருவாள். "இந்தா டீச்சர். யாராச்சும் பாத்தாச் சிரிக்கட்டும்" என்று ஸ்பூனை நீட்டுவாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வேன். அன்றைக்கு அவள் மேசைமேல் வைத்துவிட்ட அதே ஸ்பூன்.